20,000 ரூபாய்க்குள் நாமே கட்டும் குவாட் (நான்கு மோட்டார் ட்ரோன்): எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது?

கடைமடைக்காரன் (திருத்துறைப்பூண்டி பக்கம்)

எல்லாருக்கும் வணக்கம். ஒரு வேலிக்குக் (ஆறே முக்கால் ஏக்கர் பக்கம்) கொஞ்சம் குறைவாக நிலம், முழுக்கச் சம்பா. ஐப்பசி கார்த்திகை மழையில் எந்த இடத்தில் தண்ணீர் வடியாமல் நிற்கிறது, எங்கே பயிர் மஞ்சள் அடிக்கிறது என்று வரப்பில் நடந்து பார்த்தால் பாதிதான் தெரிகிறது. உள்ளே இறங்கினால் பயிர் மிதிபடுகிறது. மேலே இருந்து நேராக ஒரு படம் கிடைத்தால் போதும், சினிமா மாதிரி வீடியோ எல்லாம் வேண்டாம். அதற்கு ஒரு குவாட் நானே கட்டலாம் என்று இருக்கிறேன்.

கையில் 20,000 ரூபாய் இருக்கிறது. எலக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்தவன், சால்டரிங் வரும். யூடியூபில் ஆளுக்கு ஒரு பட்டியல் போடுகிறார்கள். ஏ2212 மோட்டாரில் 1000 கேவி, 2200 கேவி இரண்டும் ஒரே விலை, 2200 பவர் அதிகம் என்று கடைக்காரர் சொல்கிறார். பறப்பதைக் கட்டுப்படுத்தும் போர்டில் ஏபிஎம் 2.8 மலிவாகக் கிடைக்கிறது. பேட்டரி 3எஸ்ஸா (மூன்று செல்) 4எஸ்ஸா (நான்கு செல்) தெரியவில்லை. எதில் கை வைத்துக் குறைக்கலாம், எதில் குறைக்கவே கூடாது, அதைச் சொல்லுங்கள்.

குடமுருட்டி (பாபநாசம்)

தம்பி, அந்தப் பட்டியல்களை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு முதலில் ஒரு தாளில் எடையை எழுதுங்கள். மோட்டாரில் இருந்து ஆரம்பிப்பவர்கள்தான் ஒரே பொருளை இரண்டு தரம் வாங்குகிறார்கள்.

எஃப்450 பிரேம் 280 கிராம் பக்கம் வரும். ஏ2212 மோட்டார் நான்கு, புரொப்பெல்லர் மாட்டும் அடாப்டரோடு சேர்த்து 230 கிராம். 30 ஆம்பியர் ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்) நான்கு 100 கிராம். 3எஸ் 2200 மில்லி ஆம்பியர்-அவர் பேட்டரி 180. போர்டு, ரிசீவர், ஜிபிஎஸ் எல்லாம் சேர்ந்து 90. புரொப்பெல்லர், வயர், ஸ்க்ரூ, டேப் என்று ஒரு 100. ஆக கிட்டத்தட்ட ஒரு கிலோ, சின்ன ஆக்‌ஷன் கேமரா வைத்தால் 1,070. இதை நான்கு மோட்டாரும் சேர்ந்து தூக்கினால் மட்டும் போதாது, முழு வேகத்தில் இரண்டு மடங்காவது தூக்க வேண்டும். அப்போதுதான் காற்றில் நிமிர்ந்து நிற்கும். அதாவது மோட்டார் ஒன்றுக்கு 540 கிராம். ஏ2212 1000 கேவி, 3எஸ், 1045 (10 அங்குல) புரொப்பெல்லர், இந்தக் கூட்டணியில் 800 கிராம் என்று விற்பவர்கள் எழுதுவார்கள். அதில் 650 என்று குறைத்து வைத்துக்கொண்டாலும் உங்களுக்குத் தாராளம்.

கேவி என்பது பவர் இல்லை. சுமை இல்லாமல் ஓடும்போது ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு, அவ்வளவுதான். 1000 கேவியை 11.1 வோல்ட்டில் போட்டால் நிமிடத்துக்கு 11,100 சுற்று, 2200 கேவி என்றால் 24,000 தாண்டும். அந்த 2200 மோட்டார் 6 அங்குல புரொப்பெல்லர் இறக்கை மாட்டும் சின்ன விமானங்களுக்கு. அதில் 10 அங்குலத்தை மாட்டினால் அந்த வேகத்தை எட்ட முடியாமல் ஆம்பியரை இழுத்துக்கொண்டே போகும், கொஞ்ச நேரத்தில் காயிலின் வார்னிஷ் கருகும் வாசனை வரும். 1000 கேவியில் 1045 போட்டுவிட்டு 4எஸ் கொடுத்தாலும் இதே கதிதான். 10 அங்குலம் என்றால் 920 அல்லது 1000 கேவி, 3எஸ். இதில் மாற்றுக்கு இடம் இல்லை.

வெண்ணாறு (நீடாமங்கலம்)

பிரேம் கூட வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. கிரில் பட்டறையில் 12 மில்லிமீட்டர் அலுமினியச் சதுரக் குழாய் துண்டு கிடைக்கும், நடுவில் நல்ல பிளைவுட் இரண்டு தட்டு, நான்கு கை. பழகுவதற்கு இது போதும்.

குடமுருட்டி

வெண்ணாறு சொல்வது நடக்கும், நன்றாகவே பறக்கும். கவனிக்க வேண்டியது இரண்டுதான். எதிரெதிர் மோட்டார் நடுவுக்கு நடு 450 மில்லிமீட்டர் குறையக் கூடாது, அப்போதுதான் 10 அங்குல இறக்கைகள் ஒன்றோடு ஒன்று உரசாது. நான்கு மோட்டாரும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும், ஒரு கை லேசாக முறுக்கிக்கொண்டிருந்தாலும் குவாட் ஒரு பக்கமாகச் சுழன்றுகொண்டே இருக்கும். வயரிங் குழாயில் மட்டும் செய்யாதீர்கள், பிவிசி வளைகிறது, வெயிலில் இன்னும் வளைகிறது. முற்றிய மூங்கில் அதைவிட எவ்வளவோ மேல். அதிர்வை அதுவே கொஞ்சம் வாங்கிக்கொள்கிறது.

ஆனால் 800 ரூபாய் பக்கம் கிடைக்கும் எஃப்450 நகல் பிரேமில் ஒரு வசதி உண்டு. கீழ்த்தட்டே மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பலகையாக இருக்கும், ஈஎஸ்சிகளை அதிலேயே ஈயத்தால் பற்ற வைத்துவிடலாம். கை உடைந்தால் ஒரு கை மட்டும் தனியாகக் கிடைக்கும். முதல் தடவை கட்டுகிறவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். நகல் பிரேமில் மிச்சம் பிடிப்பதால் ஒரு கெடுதலும் இல்லை.

மன்னை மின்னன் (மன்னார்குடி, பழுது பார்க்கும் கடை)

பற்ற வைப்பது பற்றி நான் சொல்லிவிடுகிறேன். அந்தக் கீழ்த்தட்டில் செம்பு பரப்பு பெரியது, சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். ரேடியோ வேலைக்கு வைத்திருக்கும் 25 வாட் சால்டரிங் கம்பி போதாது, 60 வாட் வேண்டும். ஈயம் உருண்டையாக மேலே உட்கார்ந்திருந்தால் அது பிடித்ததாக அர்த்தம் இல்லை, வயர் இழைக்குள் ஊறி ஓட வேண்டும். எக்ஸ்டி60 கனெக்டரைப் பற்ற வைக்கும்போது அதன் ஜோடியை எதிர்ப்பக்கம் சொருகி வையுங்கள், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் இளகிப் பின் சாய்ந்துவிடும்.

முதல் தடவை பேட்டரி கொடுக்கும்போது நேராகக் கொடுக்காதீர்கள். பைக் இண்டிகேட்டரில் போடும் 12 வோல்ட் 21 வாட் பல்ப் ஒன்றைப் பாசிட்டிவ் வயரில் தொடராகப் போட்டு அதன் வழியாகக் கொடுங்கள். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்ப் பளிச்சென்று எரியும், போர்டு பிழைக்கும். ஷார்ட் இல்லை என்றால் லேசாக மினுக்கி அடங்கிவிடும். இருபது முப்பது ரூபாய் பல்ப்புதான், ஆனால் நான்காயிரம் ரூபாய் போர்டைக் காப்பாற்றும்.

கடைமடைக்காரன்

நன்றி அண்ணே, பல்ப் யோசனை அருமை. போர்டு பற்றி யாராவது சொல்லுங்கள். ஏபிஎம் 2.8 வாங்கலாமா?

குடமுருட்டி

வேண்டாம். ஏபிஎம் 2.8 பழைய 8 பிட் சில்லில் ஓடுவது. ஆர்டுபைலட் (போர்டில் ஏற்றும் மென்பொருள்) அதற்குப் புதுப் பதிப்பு கொடுப்பதை நிறுத்தி ரொம்ப காலம் ஆகிறது, காப்டர் 3.2.1 தான் அதற்குக் கடைசி. இன்று கடையில் கிடைக்கும் ஜிபிஎஸ் மாட்யூல்களில் இருக்கும் திசைகாட்டிச் சில்லு வேறு, அதை அந்தப் பழைய மென்பொருளுக்கு அடையாளம் தெரியாது. மலிவு என்று வாங்கி வைத்துவிட்டு, திசைகாட்டி வேலை செய்யவில்லை என்று நாட்கணக்கில் தேடுகிறவர்களைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. கேகே 2.1.5 நல்ல போர்டு, திரையும் பட்டனும் அதிலேயே இருக்கும், கம்ப்யூட்டரே தேவையில்லை. ஆனால் ஜிபிஎஸ் மாட்ட முடியாது. காற்றில் ஓரிடத்தில் நிற்க வைத்துப் படம் எடுக்க நினைக்கிற உங்களுக்கு அது உதவாது.

எஃப்405 சில்லு உள்ள போர்டு ஒன்றைப் பாருங்கள். ஆர்டுபைலட்டும் ஏறும், ஐநேவ் என்ற இன்னொரு மென்பொருளும் ஏறும். 4,000 ரூபாய் முன்னே பின்னே. வாங்குமுன் விவரத்தில் மூன்று விஷயம் தேடுங்கள்: உயரம் அளக்கும் பாரோமீட்டர் உண்டா (ரேஸ் போர்டுகள் பலவற்றில் இருக்காது), ஜிபிஎஸ்ஸுக்கும் ரிசீவருக்கும் தனித்தனி சீரியல் போர்ட் உண்டா, திசைகாட்டி மாட்ட எஸ்டிஏ எஸ்சிஎல் முனைகள் வெளியே கொடுத்திருக்கிறார்களா. இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் நீங்கள் நினைத்த வேலை நடக்காது.

இன்னொன்று. மலிவான சைமன்கே ஈஎஸ்சி பழைய பல்ஸ் முறையில்தான் பேசும், டிஷாட் (புது டிஜிட்டல் முறை) என்று செட் செய்தால் மோட்டார் அசையாது. அதற்குப் பறக்குமுன் த்ராட்டில் அளவு கற்றுக்கொடுக்க வேண்டும். பிஎல்ஹெலி எஸ் ஈஎஸ்சி கொஞ்சம் கூடுதல் விலை, ஆனால் டிஷாட்டில் அந்த வேலையே இல்லை. பணம் இருந்தால் இரண்டாவது, இல்லாவிட்டால் முதலாவதே போதும், வயலுக்கு மேல் நிற்பதில் வித்தியாசம் தெரியாது.

ஈஎஸ்சியில் இருந்து போர்டுக்கு வரும் மெல்லிய சிவப்பு வயரை மறக்காதீர்கள். போர்டு நேராகப் பேட்டரியில் இருந்து தன் 5 வோல்ட்டைத் தானே எடுத்துக்கொண்டால், நான்கு ஈஎஸ்சியின் அந்தச் சிவப்பு வயரையும் பிடுங்கி டேப் சுற்றிவிடுங்கள். போர்டுக்கு 5 வோல்ட் ஒரே இடத்தில் இருந்துதான் வர வேண்டும்.

தென்னந்தோப்பு (பட்டுக்கோட்டை)

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். கஜா புயலில் விழுந்தது போக மிச்சம் இருக்கும் மரங்களின் குருத்தை மேலே இருந்து பார்க்க வேண்டும், முடிந்தால் மருந்தும் அடிக்க வேண்டும். இதே மாதிரி 10 லிட்டர் டேங்க் ட்ரோன் வீட்டில் கட்ட முடியுமா?

குடமுருட்டி

குருத்தைப் பார்ப்பது இதே குவாட்டில் முடியும். மருந்து அடிப்பதை வீட்டில் கட்டாதீர்கள், உண்மையாகவே கேட்டுக்கொள்கிறேன். 10 லிட்டர் மருந்தே 10 கிலோ. சட்டம், பேட்டரி, பம்பு சேர்ந்தால் 20 கிலோவைத் தாண்டிவிடும். மோட்டார் ஒன்று நின்றால் அத்தனையும் ஆள் மேல் விழும். அந்த எடை வகுப்புக்குச் சான்று பெற்ற எந்திரமும் ஓட்டுநர் சான்றும் கட்டாயம். ஏக்கர் கணக்கில் வாடகைக்கு அடித்துக் கொடுப்பவர்கள் இப்போது டெல்டா முழுக்க இருக்கிறார்கள், அதுவே மலிவு.

வல்லம் மாணவி

சட்டம் பேச்சு வந்ததால் கேட்கிறேன். நான் தஞ்சாவூர் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறேன், கல்லூரி மைதானத்தில் பறக்க விடலாமா? வெளிநாட்டுத் தளத்தில் முழு கிட்டாக ஆர்டர் போடலாம் என்று ஒரு நண்பர் சொல்கிறார், அதுவும் சரிதானா?

குடமுருட்டி

முதலில் கிட். 2022 பிப்ரவரியில் இருந்து ட்ரோன் இறக்குமதிக்குத் தடை இருக்கிறது. முழுதாக வந்தாலும் பிரித்துப் போட்ட கிட்டாக வந்தாலும் தடைதான். தனித்தனி உதிரிபாகங்களுக்குத் தடை இல்லை. அதனால் கிட்டை மறந்துவிடுங்கள், இந்தியாவுக்குள் இருக்கும் கடைகளிலேயே பாகங்கள் எல்லாம் கிடைக்கின்றன. சென்னை போகிறவர்கள் ரிச்சி தெருவில் கையில் எடுத்துப் பார்த்தும் வாங்கலாம்.

அடுத்தது இடம். தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது, பிரமோஸ் ஏவும் சுகோய் விமானப் பிரிவை 2020 ஜனவரியில் அங்கே நிறுத்தினார்கள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் விளையாட்டுக்குக் கூட மேலே ஏற்றாதீர்கள். 2021 ட்ரோன் விதிகள்படி டிஜிட்டல் ஸ்கை என்ற அரசுத் தளத்தின் வரைபடத்தில் உங்கள் இடம் சிவப்பா மஞ்சளா பச்சையா என்று பார்த்துவிட்டுத்தான் எதுவும். பச்சையில் 400 அடி வரை. சிவப்பு என்றால் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் கிடையாது. மஞ்சளுக்கும் அனுமதி வேண்டும். நாம் கட்டுவது 250 கிராமுக்கு மேல், 2 கிலோவுக்குள், அதாவது மைக்ரோ வகுப்பு. தொழிலாகச் செய்யாதவரை ஓட்டுநர் சான்று தேவையில்லை, ஆனால் ட்ரோனைப் பதிவு செய்து எண் வாங்க வேண்டும் என்பது விதி. பெரிய கோயில் பக்கமும் கோடிக்கரை சரணாலயப் பக்கமும் தனி அனுமதி இல்லாமல் எடுத்துப் போகவே வேண்டாம்.

நாகை உப்புக்காற்று

பேட்டரியைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை, பணம் போவது அங்கேதான்.

லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியில் ஒரு செல் நிறைந்தால் 4.2 வோல்ட், பறக்காமல் வைத்திருக்க 3.8, பறக்கும்போது 3.5க்குக் கீழே விடக்கூடாது. 100 ரூபாய் பக்கம் கத்தும் அலாரம் ஒன்று விற்கிறார்கள், பேலன்ஸ் வயரில் சொருகினால் குறையும்போது அலறும், அது இல்லாமல் தரையை விட்டு எழும்பாதீர்கள். நிறைந்த பேட்டரியை வாரக்கணக்கில் போட்டு வைத்தால் உப்பும், சித்திரை வெயிலில் சீக்கிரமே உப்பும். மணல் போட்ட மண் சட்டியில் வைத்து, ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் சார்ஜ் போடுங்கள்.

வாங்கும்போது சமையலறைத் தராசைப் பயன்படுத்துங்கள். 3எஸ் 2200 என்று எழுதியிருக்கும் பேட்டரி 170, 180 கிராம் இருக்க வேண்டும். 120 கிராம்தான் இருக்கிறது என்றால் உள்ளே அந்த அளவு சரக்கு இல்லை, ஸ்டிக்கரில் 60சி (கொள்ளளவைப் போல் 60 மடங்கு ஆம்பியர் கொடுக்கும்) என்று போட்டிருந்தாலும் சரி. நேர்மையான 30சியே 66 ஆம்பியர் கொடுக்கும், நமக்கு அதுவே மிகுதி. பழைய லேப்டாப் பேட்டரியில் இருக்கும் 18650 செல்களைக் கோத்துப் போடலாம் என்று சிலர் சொல்வார்கள், தயவுசெய்து வேண்டாம். அவை மெதுவாகக் கொடுக்கும் ரகம். அந்தரத்தில் நிற்கவே 12 ஆம்பியர் பக்கம் வேண்டும், அந்த இழுப்பில் வோல்ட் சரிந்து குவாட் அப்படியே இறங்கிவிடும்.

கடைமடைக்காரன்

2200க்கு எவ்வளவு நேரம் பறக்கும்? 5200 வாங்கினால் இரண்டு மடங்கா?

நாகை உப்புக்காற்று

2200இல் எண்பது சதவீதம்தான் எடுக்கலாம், 12 ஆம்பியர் இழுப்புக்கு எட்டு நிமிடம் பக்கம். 5200 போட்டால் பேட்டரி மட்டும் 200 கிராம் கூடும், இழுப்பும் கூடும், ஆகவே பதினான்கு பதினைந்துதான் வரும். உங்கள் வேலைக்கு எட்டு நிமிடம் போதும். 60 மீட்டரில் நிறுத்தி நேர் கீழே பார்த்து எடுத்தால், அகலக் கோணக் கேமராவில் ஒரு படத்துக்குள் இரண்டு ஏக்கருக்கு மேல் அடங்கும்.

ஆடி மாதக் காற்றில் பழகாதீர்கள். விடிந்து கொஞ்ச நேரம் காற்று அடங்கியிருக்கும், அதுதான் நேரம். கடலோரத்தில் இருப்பவர்கள் பறந்து முடித்ததும் மோட்டாரைத் துடைத்து பேரிங்கில் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விடுங்கள், உப்பு தின்றுவிடும். நம் ஊரில் விழுந்தால் பெரும்பாலும் சேற்றில்தான், அதனால் ஈஎஸ்சி போர்டில் நிறமில்லாத நகப்பூச்சு ஒரு கோட் அடித்து வைக்கலாம். பாரோமீட்டர் துளை மேலும் கனெக்டர் மேலும் படக்கூடாது. பாரோமீட்டருக்கு மேலே சின்ன ஸ்பான்ஞ் துண்டு மட்டும் வையுங்கள்.

மன்னை மின்னன்

சார்ஜர்: பி3 என்று 500 ரூபாய்க்கு ஒன்று வரும், 2200ஐ நிரப்ப மூன்று மணி நேரம் ஆக்கும், செல் எந்த வோல்ட்டில் இருக்கிறது என்று காட்டாது, 3.8இல் நிறுத்தவும் தெரியாது. பி6 வகை வாங்குங்கள். பல பி6 சார்ஜருக்குள் அடாப்டர் கிடையாது, 12 வோல்ட் வெளியே இருந்து கொடுக்க வேண்டும். வீட்டில் இன்வெர்ட்டர் பேட்டரி இருந்தால் அதிலேயே மாட்டலாம், அடாப்டர் காசு மிச்சம்.

கடைமடைக்காரன்

எல்லாருக்கும் நன்றி. கணக்குப் போட்டுப் பார்த்தேன், ரூபாயில்: பிரேம் 800, மோட்டார் ஐந்து 2,250 (ஒன்று உபரி), சைமன்கே ஈஎஸ்சி நான்கு 1,800, புரொப்பெல்லர் ஐந்து ஜோடி 500, எஃப்405 போர்டு 4,000, ஃபிளைஸ்கை ஐ6 ரிமோட் ரிசீவரோடு 5,000, பேட்டரி 1,800, பி6 சார்ஜர் 2,500, வயர், கனெக்டர், அலாரம், ஈயம் 800. கூட்டினால் 19,450. ஜிபிஎஸ் இதில் அடங்கவில்லை, கேமராவும் அடங்கவில்லை. ரிமோட்டில் மலிவான 2,500 ரூபாய் ரகம் எடுத்துவிட்டு அந்தப் பணத்தில் ஜிபிஎஸ் வாங்கலாமா?

குடமுருட்டி

ரிமோட்டில் கை வைக்காதீர்கள் தம்பி. பிரேம் உடையும், மோட்டார் மாறும், போர்டு மாறும், ரிமோட்டும் சார்ஜரும் மட்டும்தான் அடுத்த குவாட்டுக்கும் அதற்கு அடுத்ததற்கும் வருபவை. ஐ6 ரிமோட்டோடு வரும் ரிசீவர் ஐஏ6பி தானா என்று கேட்டு வாங்குங்கள், அதில்தான் ஐபஸ் உண்டு, ஒரே வயரில் எல்லாச் சேனலும் போர்டுக்குப் போய்விடும். சிக்னல் அறுந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் செட் செய்து, இறக்கைகளைக் கழற்றிவிட்டு, ரிமோட்டை அணைத்துப் பார்த்து, மோட்டார் நிற்கிறதா என்று சோதித்த பிறகுதான் வெளியே எடுக்க வேண்டும்.

ஜிபிஎஸ்ஸை இப்போது விட்டுவிடுங்கள். முதலில் ஜிபிஎஸ் இல்லாமல் கையால் நிறுத்தப் பழகுங்கள், அறுவடை முடிந்து காய்ந்து கிடக்கும் தரிசில். அது தெரியாமல் ஜிபிஎஸ்ஸை நம்பிப் பறப்பவருக்கு, திசைகாட்டி தடுமாறும் அந்த ஒரு நொடியில் என்ன செய்வது என்று தெரியாது. குறுவை நாற்று விடும் சமயத்தில் திசைகாட்டி உள்ள எம்8என் ஜிபிஎஸ் மாட்யூல் வாங்குங்கள், 1,500லிருந்து 2,000 ஆகும். சின்னக் கம்பத்தில் உயர்த்தி, பேட்டரி வயரில் இருந்து தள்ளி வையுங்கள். திசைகாட்டிக்கு அளவு திருத்தும்போது மொட்டை மாடியில் செய்யாதீர்கள், கூரைக்குள் இருக்கும் கம்பி கெடுத்துவிடும். களத்தில், பைக்கை விட்டு விலகி நின்று செய்யுங்கள். தரையோடு பேசும் டெலிமெட்ரி பிறகு வாங்கினால் 433 மெகாஹெர்ட்ஸ் ரகம் எடுங்கள். 915 நம் நாட்டில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தக் கூடிய அலைவரிசை இல்லை.

கேமராவுக்குப் புதிது வேண்டாம், பழைய ஆக்‌ஷன் கேமரா ஒன்றைத் தேடுங்கள். செல்போனைக் கட்டிவிடலாம் என்று தோன்றும். ஆனால் 180 கிராம் ஏறும், அதிர்வில் அதன் லென்ஸ் நிலைநிறுத்தும் பகுதி கெட்டுப்போக வாய்ப்பு இருக்கிறது.

வெண்ணாறு

புரொப்பெல்லரில் ஐந்து ஜோடி போதாது, எட்டாக வாங்கிவிடுங்கள். வலம் சுழல்வதும் இடம் சுழல்வதும் சமமாக இருக்கிறதா என்று பையைப் பிரிக்குமுன் பாருங்கள். முனையில் கீறல் விழுந்ததைத் தேய்த்து மாட்டாதீர்கள், தூக்கிப் போடுங்கள். எடை சரியில்லாத இறக்கை அதிர்ந்துகொண்டே இருந்தால் போர்டுக்குத் தான் எந்தப் பக்கம் சாய்கிறோம் என்றே தெரியாது. உபரி மோட்டார் வாங்கும் காசில் மூன்று ஜோடி இறக்கை வாங்கினாலும் தப்பில்லை, முதலில் உடைவது அதுதான்.

குடமுருட்டி

சரி, ஆனால் மோட்டார் ஐந்தாகவே இருக்கட்டும். ஒரு தரம் சாய்ந்து விழுந்தால் தண்டு லேசாக வளையும். உடனே மாற்ற ஒன்று கையில் இல்லாவிட்டால் பார்சல் வரும்வரை சும்மா உட்கார வேண்டும். இறக்கைக்குக் கூடுதல் 300 ரூபாய், மொத்தம் 19,750, இன்னும் 20,000க்குள்தான் இருக்கிறது. போர்டில் மோட்டார் எண்களைப் பொருத்தும்போது யூடியூப் படத்தை அப்படியே பார்த்துப் போடாதீர்கள். ஆர்டுபைலட்டில் முதல் மோட்டார் முன் வலது, பீட்டாஃபிளைட்டில் அது பின் வலது. எந்த மென்பொருள் ஏற்றுகிறீர்களோ அதன் படத்தை மட்டும் பாருங்கள். சுற்றும் திசை தப்பாக இருந்தால் மோட்டாரின் மூன்று வயரில் ஏதாவது இரண்டை மாற்றினால் போதும்.

கடைமடைக்காரன்

புரிந்தது அண்ணே. ரிமோட், சார்ஜர், போர்டு மூன்றையும் இந்த வாரம் ஆர்டர் போடுகிறேன், பிரேமும் மோட்டாரும் அடுத்து. பேட்டரியை எப்போது போடுவது?

நாகை உப்புக்காற்று

முதலிலேயே போடுங்கள். லிப்போவைப் பெரும்பாலும் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், தரை வழியாகத்தான் வரும், மற்ற எல்லாப் பொருளையும் விட அதுதான் தாமதமாகும். வந்ததும் மூன்று செல்லையும் மல்டிமீட்டரில் அளந்து, ஒன்றுக்கொன்று 0.05 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ உறை உப்பியிருந்தாலோ அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள்.